பொறுமை மட்டும் போதாது

(சிறப்புக் கல்வியியலில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கும் மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்காக மேற்படிப்பு படிக்கப் போகிறேன் என்று நீங்கள் சொன்னபோது, உங்களில் பலருக்கு ஒரே பதில்தான் கிடைத்திருக்கும். “உனக்கு நல்ல மனசு. அந்த வேலைக்கு ரொம்பப் பொறுமை வேணும்.” சொன்னவர்கள் அன்போடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அந்தப் பாராட்டு எனக்கு உறுத்துகிறது. இந்தப் பிள்ளைகளைத் தாங்கிக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தால் போதும், கற்பிக்கத் தெரிந்த ஆள் தேவையில்லை என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. இதய மருத்துவம் படிக்கப் போகிறவரிடம் யாரும் மனசைப் பாராட்டிவிட்டு நிறுத்திக்கொள்வதில்லை.

பொறுமை வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அறிவில்லாத பொறுமை இந்தப் பிள்ளைகளின் ஆண்டுகளை வீணாக்கியிருக்கிறது. தவறான அறிவோ அவர்களுடைய குடும்பங்களையே உடைத்திருக்கிறது. நீங்கள் படிக்கப் போகும் இரண்டு ஆண்டுகள் எதற்காக என்று எனக்குப் புரிந்ததை, சில மனிதர்களின் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

1943-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கானர், பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசத்தைத் தனி நிலையாக உலகம் பேசத் தொடங்கியது அந்தக் கட்டுரையிலிருந்துதான். அதில் முதலில் வரும் சிறுவன் டொனால்ட் டிரிப்லெட், மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரன். அவனுடைய ஒன்பதாவது வயதில், ஊருக்குப் பக்கத்தில் பண்ணை வைத்திருந்த ஒரு விவசாயத் தம்பதியிடம் அவனை வளரவிட்டார்கள். 1945-ல் கானர் அந்தப் பண்ணைக்குப் போய்ப் பார்த்தார். பார்த்ததைப் பல ஆண்டுகள் கழித்து வியப்போடு எழுதி வைத்தார்.

டொனால்டுக்கு அளப்பதில் தீராத ஆசை. எதைக் கண்டாலும் அளக்க வேண்டும். அந்தத் தம்பதி அவனைத் தடுக்கவில்லை. கிணறு தோண்டும் வேலையைக் கொடுத்து, ஆழம் எவ்வளவு என்று அளந்து சொல்லச் சொன்னார்கள். சோளக்கொல்லையில் வரிசைகளை ஓயாமல் எண்ணிக்கொண்டே இருந்தான். எண்ணட்டும் என்று கையில் ஏரைக் கொடுத்து, உழுதுகொண்டே எண்ண வைத்தார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கி வைத்துக்கொண்டான். அவற்றைப் புதைக்க ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப்பலகை எழுதி நட்டான். அங்கிருந்த கிராமப் பள்ளியும் அவனை அவனாகவே சேர்த்துக்கொண்டது. டொனால்ட் பின்னர் கல்லூரிப் பட்டம் பெற்றார், சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்தார், 2023-ல் தம் 89-ஆவது வயதில் காலமானார்.

அந்தத் தம்பதி எந்தப் பட்டமும் வாங்கியவர்களில்லையே, பிறகு எதற்குப் பட்டமேற்படிப்பு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர்கள் செய்ததைக் கூர்ந்து பாருங்கள். பிள்ளையிடம் என்ன இல்லை என்று தேடாமல், என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதை வேலையோடும் பாடத்தோடும் இணைத்தார்கள். அவர்களிடம் இருந்த கண் எல்லோருக்கும் இயல்பாக வாய்ப்பதில்லை. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒரு தம்பதி கிடைக்கப் போவதுமில்லை. அந்தக் கண்ணைப் பயிற்சியால் உண்டாக்க முடியும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கற்றுத்தர முடியும் என்ற நம்பிக்கையில்தான் சிறப்புக் கல்வியியல் என்ற துறையே நிற்கிறது.

படித்தவர்கள் பார்க்கத் தவறியபோது என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சிறப்புப் பள்ளி ஒன்றை நடத்திவந்த புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் ‘தி எம்ப்டி ஃபோர்ட்ரஸ்’ என்ற நூலை வெளியிட்டார். தாயின் பாசமின்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற கருத்தை ஊரெங்கும் பரப்பிய நூல் அது. குளிர்சாதனப் பெட்டி போன்ற தாய்மார்கள் என்ற பழி அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் இறங்கியது. கானரின் எழுத்துகளும் அதற்கு இடம் கொடுத்திருந்தன. 1969-ல் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் நின்று அவர் பெற்றோர்களை அந்தப் பழியிலிருந்து விடுவித்தார். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், இதற்கு உடல்சார்ந்த நரம்பியல் காரணமே உண்டு என்று 1964-லேயே ஆதாரங்களோடு வாதிட்டிருந்தார். அந்தக் குரல் சபைக்கு வந்து சேரக் காலம் பிடித்தது.

பெட்டல்ஹைமின் நூல் வந்த அதே 1967-ல் இன்னொரு புத்தகமும் வந்தது. கிளாரா கிளைபோர்ன் பார்க் என்ற தாய், தம் மகளின் முதல் எட்டு ஆண்டுகளை எழுதிய ‘தி சீஜ்’. நீங்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பேராசிரியரின் நூலில் கோட்பாடு முதலில் வருகிறது, பிள்ளை அதற்குள் அடைக்கப்படுகிறது. தாயின் நூலில் பிள்ளை முதலில் வருகிறது. இன்று காலம் யாருடைய பக்கம் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

சிகாகோவில் படித்து, பெட்டல்ஹைமின் போக்கைக் கண்டு அதிலிருந்து விலகியவர் எரிக் ஷோப்ளர். வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போய், பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கித் தமக்குப் பக்கத்தில் சக சிகிச்சையாளர்களாக உட்காரவைத்தார். 1972-ல் அந்த மாநிலச் சட்டமன்றம் அவருடைய திட்டத்தை மாநிலம் முழுவதற்கும் விரித்தது. டீச் என்று உலகம் அறிந்த திட்டம் அதுதான். அதன் வகுப்பறையில் ஒவ்வொரு மாணவரின் மேசையும் நான்கு கேள்விகளுக்குப் பேச்சில்லாமலே பதில் சொல்லும். என்ன வேலை? எவ்வளவு வேலை? முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? முடிந்த பிறகு என்ன? இடப்பக்கக் கூடையில் மூன்று வேலைகள், முடித்ததைப் போட வலப்பக்கக் கூடை, கடைசியில் ஊஞ்சலின் படம். இவ்வளவுதான். நாள் முழுதும் “உக்காரு, எழுதுடா, எங்க ஓடுற” என்று காதில் விழும் சொற்களைத் தொடர முடியாமல் தவிக்கும் பிள்ளைக்கு, கண்ணால் பார்க்கக்கூடிய ஒழுங்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை வகுப்பில் நின்று பார்த்தால்தான் தெரியும். நம் ஊர் அங்கன்வாடியில் இரண்டு பிளாஸ்டிக் கூடைகளையும் கையால் வரைந்த படங்களையும் வைத்து இதைச் செய்துவிடலாம். பணம் பெரிய தடையில்லை. எந்தப் பிள்ளைக்கு எத்தனை வேலை, எந்தப் படம் என்று முடிவு செய்யும் அறிவுதான் தேவை.

நான் கற்பித்த ஒரு மாணவி, அரசுத் தொடக்கப் பள்ளியில் செயல்முறைப் பயிற்சியில் இருந்தார். மூன்றாம் வகுப்பில் பேசாத சிறுவன் ஒருவன். முற்பகலில் திடீரென்று எழுந்து வாசலைப் பார்த்து ஓடுவான். வகுப்பாசிரியை கதவைத் தாழிட்டார், அவன் கையைக் கடித்துக்கொண்டான். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அடம், வீட்டில் செல்லம், வயிற்றுவலி. மாணவியிடம் நான் ஒரு நோட்டைக் கொடுத்து மூன்றே பத்திகள் போடச் சொன்னேன்: ஓடுவதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன்பின் மற்றவர்கள் என்ன செய்தார்கள். கருத்து எதுவும் எழுதக் கூடாது, பார்த்ததை மட்டும் எழுத வேண்டும்.

சில வாரங்களில் நோட்டு பதில் சொல்லிவிட்டது. அவன் எல்லா நாளும் ஓடவில்லை. பக்கத்துச் சத்துணவுக் கூடத்தில் மிளகாய் தாளித்த நாள்களில் மட்டுமே ஓடியிருந்தான். மற்றவர்களுக்கு ஒரு தும்மலோடு போகும் நெடி, அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்திருக்கிறது. அதைச் சொல்ல அவனிடம் வாய்மொழி இல்லை, கால்கள் இருந்தன. பிறகு அவனுக்கு ஒரு படஅட்டை கொடுத்தோம். வேப்பமரத்தடியின் படம். நெடி வந்தால் அட்டையை ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு மரத்தடிக்குப் போகலாம், சற்று நேரம் கழித்து வரலாம். கதவைத் தாழிட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

பாடப்புத்தகத்தில் இதற்குச் செயல்சார் நடத்தை மதிப்பீடு என்று பெயர். தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி. ஒரு பிள்ளையின் செயலை அடம் என்று படிப்பதா, செய்தி என்று படிப்பதா என்ற தீர்மானம் அதில் இருக்கிறது. பெயரை மனப்பாடம் செய்த ஆசிரியருக்கும், மேற்பார்வையின் கீழ் பல மாதம் நோட்டு எழுதித் திருத்தம் வாங்கிய ஆசிரியருக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பிள்ளையின் கையில் தெரியும், கடித்த தழும்பாக. ஆகவே செயல்முறைப் பயிற்சியைச் சான்றிதழுக்குக் கையெழுத்து வாங்கும் சடங்காக நடத்தும் எந்தக் கல்வி நிறுவனமும் இந்தப் பட்டத்தை வழங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, மாணவர்கள் பலரும் சலித்துக்கொள்ளும் பாடத்துக்கு வருகிறேன். ஆய்வுமுறையியல். “சார், நாங்க டீச்சராகப் போறோம், எங்களுக்கு எதுக்கு இது?” என்று கேட்பார்கள். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு முறை காட்டுத்தீயாகப் பரவியது. பேசாத ஒருவரின் கையை உதவியாளர் பிடித்துக்கொள்வார், அவர் தட்டச்சுப் பலகையில் எழுத்துகளைத் தொடுவார். அதுவரை ஒரு சொல்லும் பேசாதவர்கள் கவிதை எழுதினார்கள், பாசத்தைச் சொன்னார்கள். பெற்றோர்கள் அழுதார்கள். யார் அழமாட்டார்கள்?

நியூயார்க் மாநிலத்தின் ஓ.டி. ஹெக் மையத்தில் இதைச் சோதித்தார்கள். முடிவு 1993-ல் வெளிவந்தது. சோதனை மிக எளிது. உதவியாளருக்கு ஒரு படம், பயனாளிக்கு ஒரு படம். ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியாது. இருவருக்கும் வேறு வேறு படம் காட்டப்பட்டபோது, சோதிக்கப்பட்ட 12 பேரில் ஒருவர்கூடத் தாம் பார்த்த படத்தின் பெயரைத் தட்டச்சு செய்யவில்லை. தட்டச்சில் சரியாக வந்த பெயர்களெல்லாம் உதவியாளர் பார்த்த படங்களின் பெயர்கள். உதவியாளர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. தங்கள் கைதான் நடத்துகிறது என்பது அவர்களுக்கே தெரியாது. உண்மை தெரிந்தபோது அவர்களில் சிலர் நொறுங்கிப் போனார்கள். 1994-ல் அமெரிக்க உளவியல் சங்கம் இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் போட்டது.

நல்ல மனம், பொறுமை, பாசம் எல்லாம் அந்த அறையில் நிறைந்திருந்தன. சோதித்துப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை. அதனால் அந்தப் பேசாத மனிதர்களின் உண்மையான குரல், இன்னொருவர் குரலுக்கு அடியில் புதைந்து போயிற்று. நாளைக்கு உங்கள் ஊரில் ஒருவர் ஸ்டெம் செல் ஊசி என்பார், ஒருவர் இத்தனை மாதத்தில் ஆட்டிசத்தைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் ஒட்டுவார். நகையை அடகு வைக்கத் துணிந்து நிற்கும் ஒரு தாய் உங்களிடம் வந்து கேட்பார். அப்போது எந்த ஆய்வு நம்பத்தக்கது, எது நம்பத்தகாதது என்று அவருக்குச் சொல்லத்தான் அந்தப் பாடம்.

அதே அளவுகோலால் நல்ல வழிகளையும் அடையாளம் காணலாம். படம் காட்டிப் பேசப் பழக்கினால் பிள்ளைக்கு வாய்ப்பேச்சே வராமல் போய்விடும் என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வெளிவந்த மதிப்பாய்வில், மாற்றுத் தொடர்புமுறையால் எவருக்கும் பேச்சு குறைந்ததாகக் காணப்படவில்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. படங்களைத் தொட்டுப் பேச உதவும், சென்னையிலேயே உருவான ஆவாஸ் செயலி இன்று தமிழிலும் பேசுகிறது. பேச்சு வரட்டும் என்று காத்திருந்து பிள்ளையை வருடக்கணக்கில் ஊமையாக வைத்திருப்பது கொடுமை. அதை நிறுத்துங்கள்.

எப்படிக் கற்பிப்பது என்பதோடு எதற்காகக் கற்பிப்பது என்பதும் உங்கள் பாடத்தில் வரவேண்டும். கலிஃபோர்னியாவின் ஐவார் லோவாஸ் 1987-ல் வெளியிட்ட ஆய்வு மிகவும் புகழ்பெற்றது. வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 சிறு குழந்தைகளில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஆனார்கள் என்றார். இந்தத் துறைக்கு அந்த ஆய்வு பெரும் ஊக்கம் தந்தது. ஆனால் அதற்கு முந்தைய அவருடைய பணியில் பிள்ளைகளை அறைவதும் மின்அதிர்ச்சி கொடுப்பதும் இருந்தன என்பதையும் படிக்காமல் கடக்கக் கூடாது. ஒரு வேலையைச் சிறுசிறு படிகளாகப் பிரித்துக் கற்றுத்தரும் அவருடைய உத்தி பயனுள்ளது. பல் துலக்கவும் சட்டைப் பித்தான் போடவும் நானே அப்படித்தான் கற்றுத்தருகிறேன். மற்றவர்களிடமிருந்து வேறுபாடு தெரியாதபடி ஆக்குவது என்ற இலக்கை நான் ஏற்கவில்லை. கையை ஆட்டாதே, கண்ணைப் பார், அசையாமல் உட்கார் என்று வளர்க்கப்பட்டவர்கள் இன்று பெரியவர்களாகி, அது தங்களுக்கு என்ன செய்தது என்று எழுதுகிறார்கள். 1993-ல் டொராண்டோ மாநாட்டில் ஜிம் சின்க்ளேர், ஆட்டிசம் உள்ளவராக நின்று, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொண்டார். நரம்பியல் பன்மை என்று நாம் இன்று பேசும் சிந்தனையின் வேர்களில் அதுவும் ஒன்று. டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவரே, 2012-ல் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார். அவர்கள் நம்மைப் புரிந்துகொள்ளவில்லை என்று குறை சொல்கிறோமே, நாம் அவர்களைப் புரிந்துகொண்டோமா? தவறும் புரிதல் இரு பக்கமும் உண்டு என்றார். இவர்களைப் படிக்காமல் எந்த முதுநிலைப் பட்டமும் முழுமையாகாது. இவர்களைப் போன்றவர்கள் வந்து வகுப்பெடுக்காத துறையும் முழுமையாகாது.

இதுவரை நான் சொன்னவற்றில் பெரும்பகுதி ஆங்கிலம் பேசும் நாடுகளின் கதை. ஏனென்றால் எழுதப்பட்டது அங்கேதான். நம் பிள்ளைகளைப் பற்றி நாம் இன்னும் போதிய அளவு எழுதவில்லை. ஒன்றிரண்டு உதாரணம் சொல்கிறேன். பசித்த பிள்ளை அம்மாவிடம் வந்து “பசிக்குதா?” என்று கேட்கிறான். அம்மா அவனிடம் தினமும் கேட்கும் கேள்வியை அப்படியே திருப்பிச் சொல்லித் தன் பசியைத் தெரிவிக்கிறான். ஆங்கிலக் குழந்தைகளிடம் ‘நான்’, ‘நீ’ இடம் மாறுவதைக் கானரே குறித்திருக்கிறார். தமிழிலோ எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும், வினைமுற்றே பெரும்பாலும் ஆளைக் காட்டிவிடும். அப்படியானால் நம் பிள்ளைகளிடம் இந்த மாற்றம் எங்கே, எப்படி வெளிப்படுகிறது? எந்த வரிசையில் சரியாகிறது? அடுத்தது, வீட்டில் ‘தண்ணி வேணும்’, பாடநூலில் ‘தண்ணீர் வேண்டும்’. படஅட்டையில் எதை எழுதுவது? ஒரே சொல்லுக்கு ஒரே வடிவம் என்று பற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு இந்த இரட்டை வழக்கு எவ்வளவு சிரமம்? இன்னொன்று, டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளை ‘கெ’, ‘கே’, ‘கை’ எழுத்துகளைப் படிக்கும்போது, குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ என்றால் இரு பக்கமும் குறி. எங்கே தடுக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? உங்கள் ஆய்வேட்டுக்கு இவற்றைவிட நல்ல தலைப்பு வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை.

இனி சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016-ன் உரிமைகள் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக ஏற்றது. சிறப்பாசிரியர் பயிற்சியை ஒழுங்குபடுத்த 1992-லேயே இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் வந்துவிட்டது. பதிவு எண் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. சென்னையை ஒட்டிய முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. படிக்க இடம் உண்டு. படித்தவர்களுக்கு நிலையான பணியிடம்தான் இல்லை.

2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், தொடக்க வகுப்புகளில் பத்துச் சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று விகிதம் வகுத்தது. 2025 மார்ச்சில் அதே வழக்கில், பணியிடங்களை ஒப்பளித்து நிரப்பும்படி மாநிலங்களுக்கு மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை நான்காம் வகுப்புக்கு வந்துவிட்டது. நம் வட்டார வள மையங்களில் தொகுப்பூதியத்தில் பணிபுரியும் சிறப்புப் பயிற்றுநர்கள் ஊர் ஊராகப் பேருந்தில் போய்வருகிறார்கள். இன்று ஒரு பள்ளி, நாளை ஒரு பள்ளி. வாசலைப் பார்த்து ஓடிய அந்தச் சிறுவனைப் பற்றிய நோட்டை நிரப்ப ஓர் ஆள் தினமும் அதே வகுப்பில் இருக்க வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். ஆசிரியரைப் பாதி வழியில் நிற்கவைத்துவிட்டு, பட்டத்தின் தரத்தை உயர்த்துவதில் பயனில்லை. இந்தப் பயிற்றுநர்களைப் பணி நிரந்தரம் செய்ய வேண்டும் என்று அரசை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையைப் பற்றி நீங்கள் கவனித்ததை எழுதி வையுங்கள். புதிதாக வரும் ஆசிரியரிடம் அதை முதல் நாளே கொடுங்கள். அவர் வாங்க மறுத்தால் விடாதீர்கள்.

மாணவர்களே, உங்கள் ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றால் இருக்கட்டும். அதன் சாரத்தை இருபது பக்கத்திலாவது தமிழில் எழுதுங்கள். ஒரு பிரதியைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுங்கள், இன்னொன்றை நீங்கள் பயிற்சி எடுத்த பள்ளிக்குக் கொடுங்கள். மூன்றாவது பிரதி, யாரைப் பற்றி எழுதினீர்களோ அந்தக் குடும்பத்துக்குப் போக வேண்டும்.